குழாய்க்காரர் வீட்டு வல்லாரை

அந்தத் தெருவில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் கிடையாது. ஒருசொட்டு என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். எந்த வீட்டில் குழாய் வேலை முடித்தாலும் ஸ்பேனரைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு, "இனிமே ஒரு சொட்டு ஒழுகிச்சுன்னா என்னை வந்து கேளுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் படியிறங்குவார். சொல்லிச் சொல்லி அதுவே பட்டப்பெயராக ஒட்டிக்கொண்டது. அவர் மனைவிகூட வாசலில் நின்று, "எங்க வீட்டு ஒருசொட்டைப் பாத்தீங்களா, சாப்பாடு ஆறிப்போகுது" என்று விசாரிப்பாள். அவருக்கு அதில் கோபமில்லை. சொல்லப்போனால் கொஞ்சம் பெருமைதான்.

சும்மா சொல்லக்கூடாது, நல்ல வேலைக்காரர். குழாயை அறுத்தால் பிசிறு நிற்காது. ஜாயின்ட்டுக்குப் பசை தடவினால் வெளியே வழியாது. பசை நன்றாகக் காய்கிறவரை தண்ணீரைத் திறக்க விடமாட்டார். வீட்டுக்காரர்கள் குளிக்கணும், வேலைக்குப் போகணும் என்று தலைகீழாக நின்றாலும், வால்வின் மேல் கையை வைத்துக்கொண்டு, "ஒரு நாள் குளிக்கலேன்னா ஒண்ணும் கொறைஞ்சிடாது" என்பார். கைக்கு அவ்வளவு பொறுமை. வாய்க்குத்தான் அந்தப் பொறுமை இல்லை. கேட்கிறவர் கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்து விழுந்துவிடும். பல் வலிக்கும் வைத்தியம் சொல்வார், பஸ் ஏன் வரவில்லை என்பதற்கும் காரணம் சொல்வார்.

இந்த மனுஷன் வீட்டுக்கு வல்லாரை வந்து சேர்ந்தது ஒரு வாய்க்கால் கரையிலிருந்து. ஊருக்கு வெளியே பம்ப் ஹவுஸில் ஒரு வேலை. மதியம் கை கழுவ இறங்கியவர் கண்ணில் அது பட்டது. புதர் நிழலில், கால் வைத்தால் சொதசொதவென்று அமுங்குகிற மண்ணில், தரையே தெரியாமல் படர்ந்து கிடந்தது. வட்ட வட்டமாய்ச் சின்ன இலை. ஒரு கொடியைத் தூக்கினால் கணுவுக்குக் கணு வேர். வாய்க்காலுக்குச் சிமெண்டுக் கரை போடப் போகிறார்கள் என்று பம்ப் ஆப்பரேட்டர் சொன்னதும், ஒரு கை நிறையப் பிடுங்கி ஈரச்சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

அவர் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் ஒரு சந்து. எதிரே ஆள் வந்தால் யாராவது ஒருத்தர் வயிற்றை எக்க வேண்டும், அவ்வளவுதான் அகலம். வெயில் எட்டிப் பார்க்காத இடம். வேறெதுவும் முளைக்காததால் வல்லாரையை அங்கே நட்டார். கொஞ்ச நாளிலேயே சுருண்டு போயிற்று. மறுபடி போய்க் கொண்டுவந்து நட்டார், அதுவும் கருகியது. அடுத்த வருஷம் அடியில் மக்கின இலையும் உடைத்த செங்கலும் போட்டு மூன்றாவது தடவை நட்டார். பிடித்துக்கொண்டது. பிடி என்றால் அப்படியொரு பிடி. ஒரு மழைக்காலம் தாண்டுவதற்குள் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பச்சை ஜமக்காளம் விரித்த மாதிரி ஆகிவிட்டது.

அப்புறம் அவரைக் கையில் பிடிக்க முடியுமா? வந்தவர் போனவரை எல்லாம் சந்துக்கு அழைத்துப் போய்க் காட்டினார். கேட்டவர்களுக்குக் கொடி கிள்ளிக் கொடுத்தார். யார் வீட்டிலும் அது பிழைக்கவில்லை. "மண்ணுக்கு மரியாதை குடுக்கணும். அதுக்கு ஒரு கை வேணும்" என்று சொல்லி, பட்டுப்போன செடியோடு வந்தவர்களின் முகத்தைச் சுண்ட வைத்து அனுப்புவார். நூலகத்தின் நடுமுற்றத்தில் ஒரு பெரிய மரம் இருந்தது. அதன் நிழலில் புல் வராததால் நூலகக்காரம்மா இவரைக் கேட்டாள். இவரும் பெரிய மனது பண்ணி ஒரு கூடை கொடுத்தார். அங்கேயும் காய்ந்தது. நேரே போய், செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற வாட்ச்மேனைப் பிடித்துக்கொண்டார். "யூனிஃபார்ம் அழுக்காயிடும்னு மண்ணைத் தொடலையோ?" என்று படிக்க வந்தவர்கள் காதில் விழும்படி கேட்டார். வாட்ச்மேன் தலையைக் குனிந்துகொண்டார்.

இதோடு நின்றிருந்தால் வாய்க்கொழுப்பு என்று விட்டுவிடலாம். நிற்கவில்லை.

சந்தின் எதிர்ப்பக்கச் சுவர் தையல்கார அக்காவுடைய பின்னறைச் சுவர். அந்த வீட்டில் அக்காவும் தங்கச்சியும் மட்டும்தான். இரண்டு பேருக்கும் வேறு நாதி கிடையாது. அக்கா அளவெடுப்பாள், வெட்டுவாள், தைப்பாள், துணி கொடுத்தவர்களோடு மல்லுக்கு நிற்பாள். தங்கச்சிக்கு இஸ்திரியும் பட்டன் கட்டுவதும். லைனிங் துணியைத் தைப்பதற்கு முன்னால் தண்ணீரில் நனைத்துக் காயவைக்க வேண்டும், இல்லையென்றால் தைத்த பிறகு சுருங்கித் தொலைக்கும். அதுவும் அவள் வேலைதான். நாள் முழுக்க இரண்டு பேரும் எலியும் பூனையுமாய்ப் பேசிக்கொண்டிருப்பார்கள். சாப்பிட உட்கார்ந்தால் மட்டும் ஒருத்தி இல்லாமல் இன்னொருத்தி தட்டில் கை வைக்கமாட்டாள்.

அந்த வருஷம் பின்னறைச் சுவரில் ஈரம் ஏற ஆரம்பித்தது. தரையோரம் சுண்ணாம்பு உப்பி உதிர்ந்தது. பிறகு கறுப்பாய்ப் பூசணம் மேலே ஏறியது. ஒரு பள்ளிக்கூடத்துக்காகத் தைத்து அடுக்கியிருந்த வெள்ளைச் சட்டைகள் முழுக்கப் புள்ளி விழுந்துவிட்டது. பள்ளிக்கூடத்தார் சட்டைகளைத் திருப்பிக் கொடுத்து, இனிமேல் வேறு இடம் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள். அக்கா வயிற்றெரிச்சலோடு ஒருசொட்டைக் கூப்பிட்டாள். அவர் வேறு வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர். பையைத் தோளிலிருந்து இறக்காமலே வந்து எட்டிப் பார்த்தார்.

"உள்ளயே ஈரத்துணி காயப்போடுறீங்கல்ல, அதான்க்கா. சுவரு குடிச்சுக்கிட்டே இருக்கு" என்றார்.

தங்கச்சி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "அண்ணே, நான் ஜன்னலோரக் கம்பியிலதான் போடுறேன். துணி சுவரைத் தொடுறதே இல்ல."

"தொடணும்னு இல்லம்மா. ஆவி போய் ஒட்டிக்கும். எத்தனை வீட்டுல பாத்திருக்கேன்."

ஈரம் கீழேயிருந்து மேலே ஏறினால் முதலில் பக்கத்தில் ஓடுகிற குழாயைத் தோண்டிப் பார்க்க வேண்டும். அவர் தொழிலில் நேற்றுச் சேர்ந்தவனுக்கும் இது தெரியும். ஆனால் பக்கத்தில் ஓடுகிற குழாய் அவரே போட்டது. ஆகவே அது அவர் நினைப்பிலேயே வரவில்லை. இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவர் போன பிறகு அந்த வீட்டில் நடந்ததை அவர் மனைவி தன் சமையலறையிலிருந்து கேட்டாள். "குழாய்க்காரரே சொல்லிட்டாரு, இனிமே என்னடி பேச்சு? பிழைப்புல மண்ணைப் போட்டுட்டியே" என்று அக்கா கத்தினாள். நான் பிழியாமல் போட்டதே இல்லை என்று தங்கச்சி திரும்பத் திரும்பச் சொன்னாள். தினமும் அதே பேச்சு, தினமும் அதே அழுகை. கடைசியில் ஒரு நாள் தங்கச்சி ஒரு பையோடு படியிறங்கிப் போனாள். ஒரு ஹோட்டலின் சலவைப் பிரிவில் வேலை கிடைத்து, அங்கேயே பக்கத்தில் ஒரு அறை எடுத்துக்கொண்டாள் என்று பிறகு தெரிந்தது. அக்கா தனியாகத் தைத்தாள். சரியாகச் சாப்பிடுவதில்லை என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். ஒருசொட்டுக்கு அது காதில் விழாமலில்லை. அக்கா தங்கச்சி விவகாரம், நமக்கெதுக்கு வம்பு என்று இருந்துவிட்டார்.

கோடை வந்தது. ஊரெல்லாம் காய்ந்து கிடக்க, அவர் சந்து மட்டும் குளுகுளுவென்று பச்சையாக இருந்தது. நூலகக்காரம்மா சும்மா இருக்கக்கூடாதா? பக்கத்து ஊர் நூலகத்திலிருந்தும் ஆட்களைக் கூட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கிறோம், எப்படி வளர்ப்பது என்று நீங்களே சொல்லிக்கொடுங்கள் என்றாள். இவர் தலைகால் புரியாமல், அவர்களுக்குக் கொடுக்க நல்ல கொத்தாக ஒன்றைப் பெயர்த்தெடுக்கப் போனார். மனைவி தான் வேலை பார்க்கிற குழந்தைகள் காப்பகத்துக்குப் போயிருந்தாள். மண்வெட்டி உள்ளே இறங்கியதும் மண் சில்லென்றது. கொத்தைத் தூக்கினார். குழிக்குள் தண்ணீர் ஊறி நிறைந்தது.

மழைத்தண்ணீராக இருந்தால் கலங்கலாக இருக்கும். இது கண்ணாடி மாதிரித் தெளிவாக இருந்தது. ஒருசொட்டு கையை விட்டுத் துழாவினார். பின்பக்கக் குழாய்க்குப் போகிற லைன், அது திரும்புகிற முனையில் ஒரு எல்போ, அதன் கழுத்தில் விரல் நுனிக்குத் தண்ணீர் குறுகுறுவென்று பட்டது.

எப்போது போட்ட லைன் என்பது அவருக்கு உடனே நினைவு வந்துவிட்டது. மச்சான் குடும்பத்தோடு வந்திருந்த சமயம். வீடு நிறைய ஜனம், பாத்திரம் கழுவத் தண்ணீர் இல்லை என்று ஒரே சத்தம். சரி, நம்ம வீடுதானே என்று பசை காய்வதற்கு முன்னாலேயே வால்வைத் திறந்துவிட்டார். ஊருக்கெல்லாம் காவல் நின்ற மனுஷன், தன் வீட்டில் அரைமணி நேரம் பொறுக்கவில்லை. அதற்கப்புறம் நட்டதுதான் மூன்றாவது வல்லாரை.

காது இரண்டும் சுட்டன. கை ராசியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. சதுப்பில் பிறந்த செடிக்குத் தன்னையறியாமல் ஒரு சதுப்பைக் கட்டிக் கொடுத்திருக்கிறார். அதுபாட்டுக்கு வளர்ந்திருக்கிறது. செடியோடு வந்து திட்டு வாங்கிப்போன ஒவ்வொரு முகமும் வரிசையாக நினைவுக்கு வந்தது. அந்த வரிசையில் வாட்ச்மேன் வந்தார். கடைசியில் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்த அந்தப் பெண் வந்தாள். எதிரே சுவர் நின்றது. அதன் அடியை அவரால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

அப்போதே வால்வை மூடிவிட்டு அக்கா வீட்டுக் கதவைத் தட்டியிருந்தால் அவரை நாமும் மன்னித்திருக்கலாம். அவர் என்ன செய்தார் தெரியுமா? மண்ணைத் தள்ளிக் குழியை மூடினார். செடியை மேலே வைத்து அமுக்கினார். ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் ஒழுகட்டும், அவர்கள் வந்து பார்த்துவிட்டுப் போகட்டும் என்று கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனார்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வந்தார்கள். ஒழுகுகிற ஜாயின்ட்டுக்கு மேலேயே நின்று ஒருசொட்டு இலைமக்கைப் பற்றியும் செங்கல் துண்டைப் பற்றியும் பேசினார். வாட்ச்மேனும் கூட வந்திருந்தார். "நானும் நீங்க சொன்னபடிதான் சார் செஞ்சேன். எங்க தப்பு பண்ணினேன்னு சொன்னீங்கன்னா திருத்திக்குவேன்" என்று அடக்கமாகக் கேட்டார். "நிழல் பத்தலை" என்று சொல்லி வாயை மூடிக்கொண்டார் ஒருசொட்டு. பின்னறை ஜன்னலில் தையல்கார அக்கா வந்து நின்று, "எங்க தம்பி கை பட்டா கட்டையும் துளிர்க்கும்" என்று வந்தவர்களிடம் சொன்னாள். பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை போலிருந்தது அவருக்கு.

மறுநாள் மனைவி வேலைக்குப் போனதும் தோண்டினார். எல்போவை அறுத்தெடுத்துப் புதிதாகப் போட்டார். பசை காய்கிறவரை பக்கத்திலேயே குந்தி உட்கார்ந்திருந்தார். ஒருவருக்கும் தெரியாமல் காரியம் முடிந்தது, இனிமேல் சுவர் தானாகக் காய்ந்துவிடும், அக்காவுக்கும் கோபம் ஆறும், தங்கச்சியும் வந்துவிடுவாள் என்று தனக்குத்தானே கணக்குப் போட்டுக்கொண்டார்.

மனைவியிடம் அது செல்லவில்லை. "டேங்க் நிறைஞ்சது நிறைஞ்சபடியே இருக்கே, என்ன மாயம்?" என்று கேட்டாள். அவர் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருந்தார். அவளுக்குப் பொறி தட்டிவிட்டது. "தண்ணியைக் கண்டபடி கொட்டுறேன்னு ரெண்டு வருஷமா என்னைத்தானே சொன்னீங்க. மோட்டார் போடும்போதெல்லாம் சொன்னீங்க. நானும் பாத்திரத்தைப் பாதித் தண்ணியில கழுவிக்கிட்டு இருந்தேன்." கத்தவில்லை. கத்தியிருந்தால் அவரும் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பார். தட்டை நகர்த்திவிட்டு எழுந்தார்.

சந்தில் வல்லாரை வாட ஆரம்பித்தது. நடுவில் மண் தெரிந்தது. சுவர் காயக் காய, அக்காவின் முகமும் தெளிந்தது. ஒரு நாள் காலை கழுத்தில் டேப்போடு வந்து வாசலில் நின்றாள்.

"தம்பி, உங்களுக்குக் கோடி புண்ணியம். நீங்க சொன்னது அப்படியே பலிச்சிடுச்சு. அவ போனா, சுவரும் காஞ்சிடுச்சு."

"அக்கா..."

"மனசு கேக்காம, அவளைப் போய்க் கூப்பிட்டுட்டு வந்துடலாம்னு இருந்தேன். அவ போயும் சுவர் காயலையே, நம்மதான் அவசரப்பட்டுட்டோமோன்னு தோணிச்சு. இப்பச் சுவரே சாட்சி சொல்லுதே. செஞ்சதை ஒத்துக்கிட்டு அவளா வரட்டும். நான் போகப்போறதில்ல."

கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். ஒருசொட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். திருட்டுத்தனமாய் ஜாயின்ட்டை அடைத்து, அந்தப் பெண் மேல் விழுந்த பழிக்கு முத்திரையும் குத்திவிட்டாரே. அன்றைக்குச் சொன்னதாவது தெரியாமல் சொன்னது. இது தெரிந்தே செய்தது.

"போய்ச் சொல்லிடுங்க" என்றாள் மனைவி.

"தெருவே சிரிக்கும்டி."

"சிரிச்சா பல்லு தெரியும், அவ்வளவுதான். நீங்க சொல்றீங்களா, நான் போய்ச் சொல்லவா?"

நேரே அக்கா வீட்டுக்குப் போகக் கால் வரவில்லை. முதலில் நூலகத்துக்குப் போனார். வாட்ச்மேனிடம் சொல்வது சுலபமாகத் தெரிந்தது. அவரைத் தனியாக அழைத்து, என் சந்தில் குழாய் ஒழுகியது, உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை என்று சொன்னார். இரண்டு பேருமாகச் சேர்ந்து மரத்தடியில் ஆழமாகப் பள்ளம் வெட்டி, பழைய தார்ப்பாயில் அங்கங்கே ஓட்டை போட்டு அடியில் விரித்து, மேலே மண்ணை மூடி, தண்ணீர் சீக்கிரம் வடிந்துபோகாதபடி ஒரு சின்னச் சதுப்பு செய்தார்கள். சந்தில் மிஞ்சிய கொடிகளை அதில் நட்டார்கள். வாட்ச்மேன், "விடுங்க சார், செடி வந்தா சரி" என்றார். அவர் அவ்வளவு லேசாக விட்டது ஒருசொட்டுக்கு இன்னும் கூசியது. படிக்க வந்தவர்கள் முன்னால் திட்டினதை, ஒருவரும் இல்லாத நேரத்தில் வந்து துடைத்துவிட்டுப் போகிறோமே என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டார்.

அப்புறம் வேறு வழி இருக்கவில்லை. அக்கா கட்டிங் டேபிளில் துணி விரித்துச் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். எல்போவைச் சொன்னார், ஞாயிற்றுக்கிழமைவரை மூடி வைத்ததையும் சொன்னார். அக்கா கோட்டைப் பாதியில் நிறுத்தினாள்.

"அப்ப அந்தச் சட்டையெல்லாம்?"

"என் தண்ணிதான்க்கா."

"என் தங்கச்சி?"

அக்கா துணியை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். பிறகு துணியை எடுத்துவிட்டு எழுந்தாள். "நீங்கதானே சொன்னீங்க. நீங்களே வந்து அவகிட்டச் சொல்லுங்க. வாங்க" என்றாள். பஸ்ஸில் அவள் முன் சீட்டில் உட்கார்ந்தாள். அவர் இடம் இருந்தும் பின்னால் நின்றுகொண்டே போனார்.

தங்கச்சியின் அறை ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் இருந்தது. படிக்கட்டு வரைக்கும் வந்த அக்கா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். "எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு ஏறுவேன்? நீங்க முன்னால போங்க" என்றாள். அவர் மட்டும் ஏறிப்போய்க் கதவைத் தட்டினார்.

திறந்தவள் அவரைப் பார்த்ததும் முதலில் கேட்டது, "அக்காவுக்கு ஒண்ணும் இல்லையே?" என்றுதான். இல்லை என்றதும் உள்ளே வரச்சொன்னாள். சின்ன அறை. அதில் கட்டில் நட்டநடுவில் கிடந்தது. பெட்டியும் கட்டிலை ஒட்டி நடுவிலேயே இருந்தது. உட்கார இருந்த ஒரே ஸ்டூலையும் நடுவில்தான் போட்டிருந்தாள். சுவரோரம் நான்கு பக்கமும் காலியாக இருந்தது. அவர் பார்ப்பதை அவள் பார்த்துவிட்டாள்.

"இங்கயும் சுவர்ல ஈரம் ஏறிச்சுன்னா வீட்டுக்காரம்மா என்னைத்தானே சொல்வாங்க. அதான் எதையும் ஒட்டி வெக்கிறதில்ல. துணி துவைச்சா மொட்டை மாடிதான். காலைல எழுந்ததும் சுவரை ஒரு தடவை தடவிப் பாத்துட்டுத்தான் வேலைக்குப் போவேன்."

ஒருசொட்டு ஸ்டூலில் உட்காரவில்லை. சொல்ல வந்ததைச் சொன்னார். அக்காவிடம் சொன்ன அளவுக்குக்கூட வார்த்தை வரவில்லை, திக்கித் திணறிச் சொன்னார். அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கேட்டாள். கேட்டு முடித்து, நீர் பட்டுப் பட்டு வெளுத்துச் சுருங்கியிருந்த கைகளை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான்தான் அன்னிக்கே சொன்னேனே அண்ணே" என்றாள். "சொல்லிச் சொல்லிப் பாத்தேன். அக்கா கேக்கல. அப்புறம் எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. ஒருவேளை நான்தான் சரியாப் பிழியலையோ, நான்தான் அக்கா பிழைப்பைக் கெடுத்துட்டேனோன்னு. அந்த நினைப்போடதான் இத்தனை மாசம் இங்க படுத்து எழுந்திருக்கேன்."

"தப்பு என்னோடதும்மா. முழுசா என்னோடது."

"அக்கா என்ன சொன்னா?"

"ரொம்ப அழுதாங்க. கீழதான் நிக்கிறாங்க. ஏறி வரக் கூச்சப்படுறாங்க."

"எனக்காக அழுதாளா, போன சட்டைங்களுக்காக அழுதாளா?"

அவர் யோசித்தார். இந்தத் தடவை உண்மையாகவே யோசித்தார். "தெரியலம்மா" என்றார்.

அவள் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டாள். கதவருகில் போய்த் திரும்பிப் பார்த்தாள்.

"அன்னிக்கும் தெரியலன்னு இதையே சொல்லியிருக்கலாமே அண்ணே" என்றாள்.

படியில் அவள் இறங்குகிற சத்தம் கேட்டது. கீழே அக்காவின் குரல் எழுந்து உடைந்தது, பிறகு இரண்டு பேர் அழுகிற சத்தம். ஒருசொட்டு அந்த அறை நடுவில் நின்றுகொண்டிருந்தார். சாய்ந்துகொள்ளச் சுவர் இருந்தது. அதைத் தொட அவருக்குத் துணிவு வரவில்லை.